சதுப்பில் சிக்கிய விடுப்பு

அன்பு மனைவிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை உனக்குக் கண் ஆபரேஷன். நானோ எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் முழங்கால் சேற்றில் நிற்கிறேன். செல்போனுக்கு இங்கே சிக்னல் கிடையாது. அதனால்தான் கடிதம்.

விடுப்பு கேட்கவில்லையே என்று நீ பல்லைக் கடிப்பது தெரிகிறது. மூன்று முறை கேட்கப் போனேன். இந்தக் கடலோரச் சதுப்பில் செடிகொடிகள் காலங்காலமாக மட்கிக் கறுத்துக் கிடக்கின்றன. அதற்குள் எவ்வளவு எரிவாயு தேங்கியிருக்கிறது என்று தோண்டாமலே கணக்கிடுவதுதான் எங்கள் வேலை. பலகைப் பாதையில் ராடார் பெட்டியை நான் இழுத்துப் போவேன். அது மண்ணுக்குள் அலையை அனுப்பும். வாயு இருக்கும் இடத்தில் அலை சீக்கிரம் திரும்பும். திங்கட்கிழமை, விடுப்பு தர வேண்டிய பொறியாளரம்மா நல்ல முகத்தோடு இருந்தார், இதுதான் சமயம் என்று "மேடம்" என ஆரம்பித்தபடியே இரண்டடி வைத்தேன், பலகை முடிந்துபோனது தெரியாமல் இடுப்புவரை இறங்கிவிட்டேன், சுற்றிலும் குபுகுபுவென்று குமிழி கிளம்பியது, கயிறு போட வந்தவர்கள் கயிற்றைப் போடுவதற்கு முன்னால் "அண்ணே, இது சதுப்போட வாயுவா, உங்களோடதா?" என்று கேட்டார்கள், அன்றிலிருந்து என் பெயர் வாயு அண்ணன். செவ்வாய்க்கிழமை போனால், நான் எடுத்த அளவு முந்தைய நாளைவிடக் கால்வாசி குறைவு. "தூங்கிக்கிட்டே இழுத்தீங்களா?" என்றார். காற்றழுத்தம் இறங்கினால் வாயு தானே வெளியேறிவிடும், விடியற்காலையில் மேகம் கட்டியபோது இறங்கியிருக்கிறது பாருங்கள் என்று அழுத்தமானிப் பதிவைக் காட்டினேன். "அட, சரிதான். அப்போ தினமும் அளந்தாகணும்" என்றார். என் வாயால் நானே கெட்டேன். இன்று "மேடம், சனிக்கிழமை" என்றதுமே, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். அன்னைக்குக் கடைசிப் பாதையில பெட்டியை நீங்கதான் இழுக்கணும். உங்க அளவைத்தான் நம்ப முடியுது" என்றார். பாராட்டு கேட்டு எத்தனை வருஷமாயிற்று. தலையாட்டிவிட்டேன்.

போன மாதம் ஆணியில் தொங்கிய என் சட்டையைப் பார்த்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாயாமே. உன் தம்பி சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பிக் கால் கழுவும்போது, உள்ளேயிருந்து "வந்தாச்சா?" என்று கேட்க ஆளில்லை. வந்த மாதிரியே இல்லை.

தம்பியோடு தைரியமாகப் போய் வா. கண்ணைக் கசக்காதே. கட்டுப் பிரிக்கும்போது எதிரே நான் இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
வர வழியில்லாத உன் கணவன்

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுத்தள்ளு. தபால் பையில் போடப் போன இடத்தில் பொறியாளரம்மா உறையைப் பார்த்து, "வீட்டுக்கா? என்ன விசேஷம்?" என்றார். "வீட்ல அவங்களுக்குச் சனிக்கிழமை கண் ஆபரேஷன்" என்றேன். "இதை ஏங்க இத்தனை நாளாச் சொல்லல?" என்று கேட்டவர், நான் வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டார்: "பெட்டியை நான் இழுத்துக்கறேன். பத்து நாள் கழிச்சு வந்தாப் போதும், கிளம்புங்க." உறையைப் பிரித்து, ஜீப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை காலை இந்தக் கடிதத்தோடு நானே வீட்டில் இருப்பேன்.