பழைய முகத்துக்காரர்

பச்சை போனது ஒரு திங்கட்கிழமை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள். முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன மஞ்சளும் கதம்பமும் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படிகளில் இன்னும் ஈரமாகக் கிடந்தன. பக்கத்திலேயே மாம்பழச் சாலையில், ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், மாத்ருபூதம் கண் விழித்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு முன்பே கைப்பேசியைத் தேடி எடுத்தார். எடுத்தவர், சமையலறைப் பக்கம் திரும்பி, "சித்ரா, என் போனை யாரோ மாத்தி வச்சிருக்காங்க" என்றார்.

போனை யாரும் மாற்றவில்லை. அதன் முகத்தை மாற்றியிருந்தார்கள். இரவு அவர் தூங்கும்போது எங்கோ தூரத்தில் இருக்கும் கம்பெனிக்காரர்கள் புதுத் தோற்றம் ஒன்றை அனுப்ப, அது ஓசையில்லாமல் வந்து இறங்கிவிட்டது. நேற்று வரை திரையின் மூலையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த பச்சை வட்டம் போய், அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளைகோடு. சிவப்புப் பெட்டி, மஞ்சள் உறை, நீலப் பறவை மாதிரி ஏதோ ஒன்று, எல்லாம் அதே சாம்பல். கீழே இருந்த பெயர்களும் இல்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டு வாசல்கூட இதைவிடக் கொஞ்சம் கலகலப்பாக இருக்கும்.

வாசகரே, நீங்கள் இப்போது பார்ப்பது பழைய முகத்துக்காரர் என்னும் இனம். இது அரிய இனம் அல்ல. உங்கள் அலுவலகத்தில் ஒன்றும், உங்கள் வீட்டில் குறைந்தது ஒன்றும் இருக்கும். போனின் தோற்றம் மாறிய முதல் நிமிடத்தில் இவர் யாரோ ஹேக் செய்துவிட்டதாகச் சொல்வார்; இரண்டாவது நிமிடத்தில் மனைவியைச் சந்தேகிப்பார்; மூன்றாவது நிமிடத்தில் போனை அணைத்து, மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டு, மறுபடி உயிர்ப்பிப்பார்; அதற்கும் மசியவில்லை என்றானபின் நாற்காலியில் சாய்ந்து, "இதையெல்லாம் யாரு கேட்டாங்க?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பார். கூரை பதில் சொல்லாது. ஆகவே நாள் முழுவதும் மற்றவர்களைக் கேட்பார்.

இந்த இனத்துக்கு ஒரு வசதி உண்டு. ஞாபகம் கொஞ்சம் குறைவு. சித்ராதேவி கையில் தோசைக் கரண்டியோடு வந்து, திரையைப் பார்த்து, இரண்டு முறை தள்ளி, அரை நிமிடத்தில் தன் அக்காவுக்கு அதிலேயே போன் போட்டுக் காட்டிவிட்டு, "இந்தப் பச்சை வந்தப்போ முட்டை போண்டா மாதிரி இருக்குன்னு திட்டினது யாருங்க?" என்று கேட்டாள்.

"அது வேற."

எது வேறு, எப்படி வேறு? அதை எந்தப் பழைய முகத்துக்காரரும் இதுவரை விளக்கியதில்லை.

இனி எதிர் இனம். அதைத் தேடி அதிக தூரம் போக வேண்டாம். அது எதிர் வீட்டிலேயே இருந்தது. அன்வர், மாத்ருபூதம் வேலை பார்க்கும் அதே இன்சூரன்ஸ் கிளையில் வேலை பார்ப்பவர், அதே மாடியில் நேர் எதிர்க் கதவுக்காரர், பல வருஷங்களாக அவரோடு ஒரே ஸ்கூட்டரில் கன்டோன்மென்ட் வரை போய்வருபவர். இவரை வெள்ளைச் சுவர்க்காரர் எனலாம். இவருடைய திரையில் நேரம் மட்டும் இருக்கும். வேறு எதுவும் இருக்காது. ஒன்று வேண்டுமென்றால் அதன் பெயரைத் தட்டித் தேடி எடுப்பார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு ஓய்வு, மனசுக்கு அமைதி, தேவையில்லாதது எதுவும் நம் முன்னால் நிற்கக் கூடாது என்று ஆரம்பித்து, உங்கள் போனையும் வாங்கிச் சுத்தம் செய்யப் பார்ப்பார். அவர் மனைவி ஹாஜிரா சொல்வது வேறு: போனில்தான் தூசி இல்லை, கழற்றிப்போட்ட சட்டையெல்லாம் நாற்காலி முதுகில் மலையாகக் கிடக்கிறது, அந்த அமைதியை இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பிவிடக் கூடாதா?

நெற்றியில் போடும் நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடிய ஊர் நம் ஊர். வடிவத்தைப் பற்றிச் சண்டை போட நமக்குக் கம்பெனிக்காரர் வந்து சொல்லித்தர வேண்டுமா?

அன்று காலை ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தில் ஏறுவதற்குள் விவாதம் சூடாகிவிட்டது. ஓட்டியவர் அன்வர். பின்னால் உட்கார்ந்து அவர் ஹெல்மெட்டுக்குள் பேசியவர் மாத்ருபூதம். மனிதன் பார்த்ததும் தெரிந்துகொள்ளத்தானே நிறம் என்று ஒன்று இருக்கிறது, மிளகாய்த் தூளையும் மஞ்சள் தூளையும் ஒரே சாம்பல் டப்பாவில் போட்டு லேபிளையும் கிழித்துவிட்டால் குழம்பு என்ன ஆகும் என்பது அவர் கட்சி. அன்வர் பாலத்தின் பாதி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க போன் வச்சிருக்கீங்களா, கோலப்பொடி கடை வச்சிருக்கீங்களா?" என்றார்.

மாத்ருபூதம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் தினமும் அந்த வண்டியில் ஏறினார். இதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் வீட்டில் சொன்னால் சித்ராதேவி ஒரே வரியில் முடித்துவிடும் விஷயத்தையும், அலுவலகத்தில் சொன்னால் யாரும் காது கொடுக்காத விஷயத்தையும், பாலத்திலிருந்து ஜங்ஷன் வரை நீட்டி நெளித்து மறுக்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

பிறகுதான் அந்தப் போன் வந்தது.

மண்டல மேலாளர் என்று ஒருவர் உண்டு. காரணமில்லாமல் கூப்பிட்டு, காரணமில்லாமல் கத்தி, காரணம் கேட்டால் இன்னும் கத்துகிறவர். அவர் பெயர் திரையில் தெரிந்தால் கிளையில் பாதிப் பேர் எழுந்து நின்று எடுப்பார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். நீள மேஜையில் எல்லோருடைய டிபன் டப்பாக்களுக்கும் நடுவே மாத்ருபூதத்தின் போன் அதிர்ந்தது. பெயரை எல்லோரும் பார்த்தார்கள். பழைய முகத்தில் விரலை மேலே தள்ளினால் பேசலாம். மாத்ருபூதம் மேலே தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தள்ளினார். புது முகத்தில் வலது பக்கம் தள்ளினால் பேச்சு, இடது பக்கம் தள்ளினால் துண்டிப்பு. தயிர்சாதம் ஒட்டிய விரல் வழுக்கி இடது பக்கம் போனது. அழைப்பு அறுந்தது. மேலாளர் உடனே மறுபடி கூப்பிட்டார். பதற்றத்தில் மறுபடி இடது. மூன்றாவது முறையும் இடது.

மாத்ருபூதத்துக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாததால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

புதிதாகச் சேர்ந்திருந்த பவித்ராதான் முதலில் வாய் திறந்தாள். "சார், அவரைப் போய் மூணு தடவை கட் பண்ணிட்டீங்களே சார்."

மாத்ருபூதம் சுற்றிலும் பார்த்தார். அத்தனை முகங்களிலும் அவர் இதுவரை கண்டிராத ஏதோ ஒன்று தெரிந்தது. உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். அவர் சொன்னது இது: "சாப்பாட்டு நேரம்னா சாப்பாட்டு நேரம்மா."

மறுநாள் மேலாளர் கிளையின் தரைவழித் தொலைபேசியில் கூப்பிட்டு, மாத்ருபூதம் ஓய்வாக இருக்கிறாரா என்று விசாரித்தாராம். விசாரித்தாராம்! அதற்குப் பிறகு கேட்பானேன்? மாத்ருபூதத்தின் சட்டைகள் இஸ்திரி கண்டன. இடமாற்றம் கேட்டு எழுதலாமா, லீவு கேட்டால் கொடுப்பார்களா என்று இளையவர்கள் அவரிடம் யோசனைக்கு வந்தார்கள். யாரோ அவரைச் சிங்கம் என்று சொன்னதாக அவர் காதுக்கு வந்தது. ஓய்வு பெறச் சில வருஷங்களே இருக்கும் மனிதருக்கு, அதுவரை யாரும் எந்தப் பட்டமும் சொல்லாத மனிதருக்கு, சிங்கம் என்பது சாதாரணமா? நடந்தது என்ன என்று தெரிந்தவர் அன்வர் ஒருவர்தான். அழைப்பு அறுந்த அன்றைக்குச் சாயங்காலமே ஸ்கூட்டரில் மாத்ருபூதமே அவரிடம் சொல்லி, பாலத்தின் மேல் இருவரும் வண்டியை நிறுத்திச் சிரித்திருந்தார்கள்.

சிங்கம் சிங்கத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் மரியாதை ஏறிய மனிதனின் நாக்கு சும்மா இருக்குமா? ஒரு காலை, வண்டியில், பழைய விவாதம் திரும்ப வந்தபோது மாத்ருபூதம், உள்ளே ஒன்றும் இல்லாத ஆளுக்குத்தான் வெளியேயும் காலியாக இருந்தால் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். அன்வர் சிரிக்கவில்லை.

அன்று நான்கு மணிக்கு, டீக்கடையில், பவித்ராவும் மற்றவர்களும் மாத்ருபூதத்தைச் சூழ்ந்து நிற்க, யாரோ சிங்கத்தின் தைரியத்தைப் பற்றி மறுபடி எடுத்தார்கள். அன்வர் டீயை ஓர் ஆற்று ஆற்றினார்.

"தைரியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்குப் போனை எடுக்கத் தெரியல. இடது பக்கம் தள்ளிட்டாரு. வேணும்னா இப்பக் கூப்பிட்டுப் பாருங்க."

முதலில் பவித்ராவுக்கு டீ புரை ஏறியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வேண்டுமென்றே யாரோ கூப்பிட்டும் பார்த்தார்கள். மாத்ருபூதத்தின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பாதி டீயைப் பலகையில் வைத்துவிட்டு, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

அதிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ். எதிர் எதிர் வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது லேசான வேலை அல்ல. எதிர்க் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு அடங்கிய பிறகே இந்தக் கதவு திறக்கும். ஹாஜிராவும் சித்ராதேவியும் வழக்கம்போல மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இரண்டு ஆண்களையும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஆண்கள் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் மாடி எண்ணைப் படித்தார்கள். சில காலைகளில் பாலத்தின் மேல் ஸ்கூட்டர் பஸ்ஸை முந்தும். பின் சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது ஒருவர் தண்ணீர் வரத்தைப் பார்ப்பார், மற்றவர் மலைக்கோட்டையைப் பார்ப்பார்.

பஸ்ஸில் மாத்ருபூதத்துக்குத் துணைக்குக் குறைவில்லை. பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் அவர் போனைக் காட்டிக் குறை சொல்வார். அவர்களும், ஆமாங்க, எனக்கும் அதே கதிதான், யாரு கேட்டாங்க இதை என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். 'பழைய ஸ்கிரீன் மீட்புக் குழு' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்ந்தார். அங்கே எல்லோரும் அவர் சொன்னதையே சொன்னார்கள், அவர் சொல்வதற்கு முன்பே சொன்னார்கள். ஒத்துக்கொள்கிறவர்களிடம் மனிதன் எவ்வளவு நேரம்தான் பேசுவது? உப்பில்லாத பொங்கல் போல இருந்தது அவருக்கு. நல்ல வாதம் ஒன்று மனதில் தோன்றும்போதெல்லாம், அதை மறுக்க வேண்டிய ஆள் முன்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஓர் அசம்பாவிதம் நடந்தது. மார்கழியில் ஒரு நாள், வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடிக்க, மாத்ருபூதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வலது பக்கம் தள்ளிப் பேசி முடித்தார். பேசி முடித்த பிறகுதான் தான் செய்தது அவருக்கு உறைத்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார். சாம்பல் கோடுகள் இப்போது அவருக்குக் கோடுகளாகவே தெரியவில்லை. எது எது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. கண்ணுக்குக்கூட, சொல்ல வெட்கம், கொஞ்சம் ஓய்வாகத்தான் இருந்தது. மீட்புக் குழுவில் அவர் இதைச் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. ஆனால் சித்ராதேவிக்குத் தெரிந்துவிட்டது.

"இப்பத்தான் ஒழுங்காப் பேச வருதே. பாய்க்கு ஒரு போன் போட்டா என்னவாம்?"

"அவரு போடட்டும்."

"பாய் அங்க என்ன சொல்றாராம் தெரியுமா? 'அவரு போடட்டும்'னு சொல்றாராம்."

மாத்ருபூதம் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்து, வேறென்ன சொன்னாராம் என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அப்படி இல்லை, மாற்றம் எனக்குப் பிடிக்கும், என் போனில் எல்லாம் எனக்கு வசதியாகவே இருக்கிறது என்று சொல்கிறீர்கள். வசதியாக இருக்கிறதா? எது எங்கே என்று பார்க்காமலே விரல் போகிறதா? இந்தத் திரையே போதும், இனி தொடாமல் விட்டால் சரி என்று எப்போதாவது நினைத்ததுண்டா? அப்படியென்றால் வாருங்கள், நீங்களும் இந்த இனம்தான். தேதி மட்டும்தான் பாக்கி. அதைக் கம்பெனிக்காரர் குறிப்பார், நீங்கள் தூங்கும்போது.

வெள்ளைச் சுவர்க்காரருக்கும் அந்தத் தேதி வந்தது. பங்குனியில். சாம்பல் போதும் என்று தூரத்தில் யாரோ தீர்மானித்திருக்க வேண்டும். அன்று காலை மாம்பழச் சாலை நிறுத்தத்தில், ஒன்றாம் நம்பருக்காகக் காத்துக்கொண்டு, ரோஜா நிறத்திலும் ஊதா நிறத்திலும் துள்ளித் துள்ளி ஆடும் தன் போனை மாத்ருபூதம் கோபமாக முறைத்துக்கொண்டிருந்தபோது, ஆடி போய் ஆவணி போய், தை, மாசியெல்லாம் கடந்து, எதிர் வீட்டிலிருந்து முதல் செய்தி வந்தது:

"மாத்ரு சார், காலைல போனைத் திறந்தா பலூன்காரன் சைக்கிள் மாதிரி இருக்கு. தலை வலிக்குது. பழையபடி ஆக்க உங்க குரூப்ல ஏதாவது வழி சொல்றாங்களா? டீக்கடையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, தப்புதான். பஸ் வந்தா ஏறிடாதீங்க, வண்டியை எடுத்துட்டேன்."