வீரபாகுவை ஊர் அனுப்பிவைத்த கதை

தென்காசியில் காலையில் நாடி பிடிப்பார், மதியம் கறுப்புக் கோட்டு மாட்டி வழக்குப் பேசுவார் வீரபாகு, எல்.எம்.பி., பி.எல். இரண்டு பட்டம் வாங்கியவருக்கு ஒரு பதவி இல்லாதது பொதுஜனங்களுக்கே பெருங்குறை என்று அவருக்குப் பட்டது. திருநெல்வேலியில் கூடும் ஜில்லா போர்டுக்குத் தேர்தல் வந்ததும் காங்கிரசும் வேண்டாம், ஜஸ்டிஸ் கட்சியும் வேண்டாம் என்று 'நடுநிலைக் கட்சி' கண்டார். தலைவர் அவர். உறுப்பினர் சம்சாரம் வடிவம்மாள். அவளையும் கேட்காமல்தான் சேர்த்திருந்தார்.

நாற்காலி ஆசையில் மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டுக் கேட்கப் போன இடமெல்லாம் இளநீர், கும்பிடு, ராஜ உபசாரம். ஓட்டுதான் இல்லை.

"அண்ணாச்சி, எம் மவ உசுரு நீங்க போட்ட பிச்சை" என்று கண்கலங்கினார் பலசரக்குக்கடை செல்லச்சாமி. "ஒங்களத் திருநெவேலிக்கு அனுப்பிட்டு நாங்க யாருட்ட மருந்துக்குப் போவோம்? சத்தியமா ஒங்களுக்கு ஓட்டுப் போட மாட்டேன்!"

கோர்ட்டில் அவர் வாதாடி ஜெயிக்கவைத்த கட்சிக்காரர்களும் அதையே சொன்னார்கள். வீரபாகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு வந்தார்.

"ஊருக்கு ஒங்க மேல பிரியம் இருக்குற வரைக்கும் ஒரு ஓட்டும் விழாது" என்றாள் வடிவம்மாள், கீரை ஆய்ந்தபடி. "வேண்டாதவரா ஆவுங்க. பெட்டி நெறஞ்சிரும்."

"ஏட்டி, அதுக்கு நான் என்னத்தச் செய்ய?"

"எங்கிட்டயா கேக்குதிய? வீட்டுல ஒரு முயற்சியும் இல்லாமலே வேண்டாதவரா ஆயிருக்கியளே!"

அப்போது குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. ஊரே உச்சந்தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் வீரபாகு தண்டோரா போட்டார்: 'சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது நுரையீரலுக்கு விரோதம். மீறிக் குளிப்போருக்கு நம்மிடம் மருந்து கிடையாது.' வக்கீல் வீரபாகு, குளித்துவிட்டுத் தும்மியவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் விட்டார். கடைக்கே போய்ச் செல்லச்சாமியின் தலையை முகர்ந்து பார்த்தார்.

அடேயப்பா, ஊர் கொதித்துப் போயிற்று! "ஏலே, இந்த ஆள எப்படியாச்சும் இங்கனருந்து கெளப்பணும்லே!" என்று செல்லச்சாமியே தெருத்தெருவாக அவருக்கு ஓட்டுக் கேட்டார். எதிர்த்து நின்ற இரண்டு வேட்பாளர்களும் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். அவர்களும் அருவிக் குளியலுக்கு உயிரை விடுகிறவர்கள்தானே.

மாலை, மேளம், வெடியோடு ஊரே ரயிலடிக்கு வந்து அவரை வழியனுப்பியது. வீரபாகு ஜன்னல் வழியே எல்லாரையும் கும்பிட்டார். வண்டி நகர்ந்ததும் ஜனங்கள் நேரே அருவிக்கு ஓடினார்கள்.

ருசி கண்ட வீரபாகு, அடுத்த தேர்தலையும் மனத்தில் வைத்து, போர்டில் முதல் தீர்மானம் கொண்டுவந்தார்: குற்றாலத்தில் குளிக்க விரும்புவோர் திருநெல்வேலிக்கு நேரில் வந்து உடல்நலச் சான்றும் பிரமாணப் பத்திரமும் பெற்றுக்கொள்ள வேண்டியது.

தென்காசியில் அவசரக் கூட்டம் கூடியது. தப்பு எங்கே நடந்தது என்று தீர விசாரித்தார்கள்.

"திருநெவேலி ரொம்பப் பக்கம்லே, அதான் தப்பாப் போச்சு" என்றார் செல்லச்சாமி. "பேசாம மதராஸ் சட்டசபைக்கு அனுப்பிருவோம். அம்புட்டுத் தூரத்துலருந்து நம்மள என்ன செஞ்சிரப் போறாரு?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.