பதில் சொல்லும் பொத்தான்

யஸ்த் நகரத்துப் பல் டாக்டர் கேட்டது ஒரு பெட்டி கஸ் மிட்டாய். போய்ச் சேர்ந்தது மூன்று.

"'அனுப்பு' பொத்தான மூணு தடவை அமுக்கினீங்களா, கானம்?" என்றான் கியூமர்ஸ். இஸ்ஃபஹானில் அந்த மிட்டாய்க் கம்பெனிக்குக் கணினியில் ஆர்டர் படிவம் அமைத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"அமுக்கினேன், கல்லு மாதிரி இருந்துச்சு. அதுக்குக் கேக்கல போலன்னு மறுபடி அமுக்கினேன்," என்றாள் ஆர்டர்களைப் பதியும் ஃபரங்கிஸ் கானம். அங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல் 'கானம்'.

முதலாளி ஹாஜி சத்தாரி சுருக்கமாகச் சொன்னார். "வியாழக்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லேன்னா ஆர்டர் எழுதுற பழைய நோட்டு வரும், நீ போயிடுவே."

கியூமர்ஸுக்குப் பயத்தை மீறி உற்சாகம் வந்தது. பொத்தானை அழுத்தினால் கணினிக்கு இரண்டு செய்திகள் போகின்றன: விரல் இறங்கியது, விரல் ஏறியது. இறங்கும்போது பச்சை, ஏறும்போது பழைய சாம்பல் நிறம் என்று இரண்டே வரி எழுதினான். டீ கொடுக்கும் மஷ்தி ரஜப் நீட்டிய கண்ணாடிக் குவளையை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கிக் குடித்தான்.

மறுநாள், ஒரு பெட்டி கேட்ட கெர்மான்காரருக்கு ஐந்து போயிற்று.

"பச்சையாச்சு, கைய எடுத்தா சாம்பலாயிடுச்சு. அதுக்கு மனசு மாறிடுச்சுன்னு நினைச்சேன்," என்றாள் கானம்.

அதுவும் நியாயம்தான். அழுத்தியதும் பொத்தானைச் செயலிழக்க வைக்கலாமென்றால், கடைசியாக அழுத்திய பொத்தானை முடக்க அந்த மென்பொருள் விடாது. எனவே கியூமர்ஸ் ஒரு கடிகாரத்தை இணைத்தான். இனி பத்து விநாடி பச்சை நிற்கும். 'அனுப்பு' என்ற எழுத்து மறைந்து, ஊரில் எல்லோரும் நன்றி சொல்வதுபோல, 'உங்கள் கை நோகாதிருக்கட்டும்' என்று வரும். பிறகு பழையபடி ஆகிவிடும்.

கானம் அழுத்திப் பார்த்துச் சிரித்தாள். "என்ன மரியாதை! உன்னைவிட நல்லா வளந்திருக்கு."

கியூமர்ஸ் இன்னொரு டீ குடித்தான். யார் கொடுத்தது என்று பார்க்கவில்லை.

புதன்கிழமை வந்தது ஒரே ஆர்டர், ஷிராஸில் ஒரு சர்க்கரை நோய் டாக்டருக்கு ஒரு பெட்டி. அன்று முழுக்க அதுதான் திரையில் நின்றது. வியாழன் காலை கட்டி அனுப்பும் அறையிலிருந்து தகவல் வந்தது: ஷிராஸுக்குப் பதினொரு பெட்டி.

"ஒரே தடவைதான் அமுக்கினேன். உன் உயிர்மேல சத்தியம், கியூமர்ஸ் ஜான், என் கண்ணு!"

"என் உயிர் இப்ப ஹாஜி கையில இருக்கு, கானம். அது மேல சத்தியம் பண்ணாதீங்க."

ஹாஜி மேசைத் துணியை உருவிக் கணினிமேல் போட்டார். "நோட்ட எடு."

தட்டோடு நின்ற மஷ்தி ரஜப்பின் முகம் வாடியது.

"மூடிடாதீங்க ஹாஜி. நேத்து பத்து டீ கொண்டுவந்து வச்சேன், ஒவ்வொரு தடவையும் அந்தப் பொத்தான அமுக்கினேன். இந்த ஆபீஸ்ல என் கை நோகாம இருக்கட்டும்னு சொல்றது அது ஒண்ணுதான்."