இருபது பிள்ளைகளின் சித்தப்பா

திருமணமே ஆகாமல், எவ்வித அவப்பெயருக்கும் இடம் கொடாமல், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் சித்தப்பாவாக விளங்கியவர் கொல்கத்தா மாநகரில் ஒருவரே. அவரைக் கார்டியன் என்றே அழைத்தோம். இயற்பெயர் விண்ணப்பத் தாள்களில் மட்டும் வாழ்ந்தது.

விழுப்புரத்திலிருந்து மேற்படிப்புக்காகப் போய் இறங்கிய எனக்கு, அந்நகரம் கடவுச்சீட்டு வேண்டாத அயல்நாடாகவே தோன்றியது. மொழி புரியவில்லை. பிரியாணிக்குள் முழு உருளைக்கிழங்கு கிடந்தது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் விடுதியில் இடம் வேண்டுமானால் உள்ளூர் உறவினர் ஒருவர் 'லோக்கல் கார்டியன்' என்று கையொப்பமிட வேண்டும் என்றார்கள். அவ்வூரில் எனக்குத் தெரிந்த ஒரே மனிதன் நானாக இருந்தேன்.

மூத்த மாணவர் ஒருவர் என்னை லேக் மார்க்கெட்டிலிருந்த இட்லிக் கடைக்கு அனுப்பினார். சால்ட் லேக்கில் கணினி வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், அங்கே எனக்கு நேர்முகத் தேர்வு நடத்தினார்.

"அப்பாவுக்கு என்ன வேல?"

"மரக்கடை வச்சிருக்காருண்ணே."

"எங்கண்ணன் மரக்கடையா வச்சிருக்காரு? சரி. ராத்திரி அழுவியா?"

"இல்லண்ணே."

"பொய். மொத மாசம் எல்லாவனும் அழுவான். அழுகை வந்தா எனக்குப் போன் போடணும், அப்பாவுக்குப் போடக்கூடாது. அம்புட்டு தூரத்துல இருந்துகிட்டு அவரு என்னடே செய்வாரு?"

கையொப்பமிட்டார். அந்நொடியே எனக்குச் சித்தப்பாவானார்.

எங்கள் விடுதியில் மட்டும் அவருக்கு மூன்று அண்ணன் மகன்கள்: நான், நாகர்கோவில் கிறித்தவன் ஒருவன், வாணியம்பாடி முஸ்லிம் ஒருவன். வார்டன் அம்மையார் ஒருமுறை மூவரையும் வரிசையில் நிறுத்தி, இது எப்படி என்று கார்டியனைக் கேட்டார்.

"ஆமாதேர் ஃபேமிலி கூப் பொரோ, தீதி" என்றார் கார்டியன். எங்கள் குடும்பம் மிகப் பெரியது, அக்கா என்று பொருள்.

அம்மையார் அவரை நெடுநேரம் நோக்கிவிட்டு, அது தெரிகிறது என்று வங்கமொழியில் கூறி உள்ளே போய்விட்டார்.

அது பொய்யுறவு என்பதை எல்லோரும் அறிந்திருந்தோம். கார்டியன் மட்டும் அறியார். முன்னறிவிப்பின்றி வந்து, சிகரெட் வாடை அடிக்கிறதா என்று கொசுவலையை முகர்ந்து பார்ப்பார். மதிப்பெண் குறைந்தவனுடன் ஒரு வாரம் பேசமாட்டார். ஐப்பசி முடியுமுன்பே எங்கள் தலைகளில் குரங்குக் குல்லாய்களைக் கவிழ்த்தார்.

"குளுரு வந்துட்டுடே."

"எங்கேண்ணே வந்துச்சு? வேர்க்குது."

"பெங்காலி பூராம் போட்டுருக்காம்லா? ஊர்க்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டோ?"

மார்கழியில் ஒருநாள் நண்பகல், அலுவலக வேளையில், கார்டியன் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தலையில் குல்லாய் இல்லை. என்னைத் திட்டவுமில்லை.

"அப்பாவுக்கு மேலுக்கு முடியல. ஆஸ்பத்திரில சேத்துருக்காவ. டிக்கெட் போட்டுட்டேன். உன் போனைக் குடு."

"எதுக்குண்ணே?"

"எம்போன் கெட்டுப்போச்சு. ஆபீஸ்ல தேடுவானுவ."

அப்பா அன்று காலையே இறந்துவிட்டிருந்தார். பையனிடம் சொல்லாமல் விமானம் ஏற்றிவிடுங்கள், சென்னையில் நான் அழைத்துக்கொள்கிறேன் என்று என் தாய்மாமன் கார்டியனைக் கேட்டுக்கொண்டிருந்தார். உறவினர்கள் மாலையிட்ட படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கத் தொடங்கியிருந்தனர். ஆகவே கைபேசியைப் பறித்தது கார்டியனின் சொந்த ஏற்பாடு. இவையெல்லாம் பின்னர் நான் அறிந்தவை.

எங்கள் கல்லூரி இருந்த டாக்குரியாவிலிருந்து விமான நிலையம்வரை அவர் வாய் ஓயவில்லை. இலிஷ் மீனின் முள், மேலாளரின் கஞ்சத்தனம், இவருக்கு இருபது பிள்ளைகளாமே என்று கேள்விப்பட்டுப் பெண் வீட்டார் ஓடிய கதை என அடுக்கிக்கொண்டே போனார். நானும் ஓரிடத்தில் சிரித்துவிட்டேன்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசிடறேண்ணே."

"இங்கன டவர் கெடைக்காதுடே" என்றார். சால்ட் லேக்கின் கண்ணாடி அலுவலகங்களை ஒட்டி வண்டி போய்க்கொண்டிருந்தது.

விமான நிலைய வாசலில், அச்சிட்டுக் கொணர்ந்த பயணச்சீட்டை என் கையில் வைத்தார்.

"போன்?"

"நீ வாற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். எம்போன்தான் கெட்டுப்போச்சுல்லா."

அப்போது அவர் சட்டைப்பையில் அவருடைய கைபேசி ஒலித்தது. நெடுநேரம் ஒலித்தது. இருவரும் அது காதில் விழாதவர்களாய் நின்றோம். வார்டன்களிடம் இமைகொட்டாமல் பொய்யுரைத்த மனிதர், என்னைப் பார்க்க மாட்டாமல் பயணிகளின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை தொலைவு அவர் சுமந்து வந்த பொய்யை வாசலில் போட்டு உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்பாவுக்குச் சரியாயிடும்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

காரியங்கள் முடிந்து திரும்பிய அன்று மாலை, டாக்குரியா ஏரிக்கரைக்கு வரச்சொன்னார். துக்கம் விசாரிக்கவில்லை. கைபேசியை நீட்டினார்.

"அன்னைக்குக் காலைல உங்கப்பா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுருக்காவ. நீ கிளாஸ்ல இருந்திருப்ப. ஸ்கிரீன்ல மேலாக்கத் தெரிஞ்சுது, நான் தொறக்கல. கேளு. நான் அங்கன நிக்கேன்."

சற்றுத் தள்ளிப்போய் எனக்கு முதுகு காட்டி நின்றார். பொரி விற்பவன் ஒருவன் என்னை நோக்கி வந்தான். கார்டியன் இரு கைகளையும் விரித்து வழிமறித்து, "ஏகோன் நா, தாதா, ஏகோன் நா" என்று வங்கமொழியில், இப்போது வேண்டாம் அண்ணா என அவனிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என்னப்பா, சாப்ட்டியா? சும்மாதான் போட்டேன். லோடு வந்திருக்கு, எறக்கிட்டிருக்காங்க. அவசரம் ஒண்ணுமில்ல, கிளாஸ் முடிஞ்சதும் கூப்பிடு."

அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தேன். பொரிக்காரன் போயிருந்தான், கார்டியன் இன்னும் திரும்பவில்லை. முடிந்துவிட்டது என்று அவரை நான் அழைக்கவில்லை. அவர் அங்கே நிற்கிறார் என்ற துணிவில், இன்னொரு முறை கேட்டேன்.