பியூஸ் சேரின் நீல வெளிச்சம்

லிந்துலையிலிருந்து தலவாக்கலை வரைக்கும் தேடினாலும் பியூஸ் சேரைப் போல நம்பிக்கையற்ற மனிதர் கிடைக்கமாட்டார். வெயில் அடித்தால்கூட "இது நிக்காது" என்று குடையை விரிப்பார். எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு அவர் இரசாயனவியல், நான் கணிதம். அந்தப் பெயர், பியூஸ் போன பல்பு மாதிரியான அவர் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வைத்தது.

போன வருடம் அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. விஞ்ஞானப் பிரிவில் புதிதாகப் பிள்ளைகள் சேராவிட்டால் அதை மூடிவிடுவதாகக் கடிதம் வந்திருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெற்றோருக்கோ விஞ்ஞானம் என்றாலே டியூஷன் பயம். "கண்ணால பாத்தா அனுப்புவாங்க" என்று லூமினோல் செய்யக் கிளம்பினார் மனிதர். சேதன இரசாயனத்தில் வரும் ஒரு பொடி அது. சரியான கரைசல்களோடு கலந்தால் இருட்டில் நீலமாக ஒளிரும்.

முதல் தடவை கரியாயிற்று. இரண்டாம் தடவை குடுவையே வெடித்தது. மூன்றாம் தடவை ஒரு தேக்கரண்டி வெளிர்மஞ்சள் பொடி தேறியது. பனிமூட்டத்தில் காயாததால், ஆசிரியர் அறையில் தண்ணீர் கொதிக்கும் கேத்தல் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். தேநீருக்கு வைத்த பால்மா என்று நினைத்து நான் கரண்டியை விட்டேன்.

"சேர்! அது பால்மா இல்ல, நம்ம பிரிவு!" என்று அலறினார்.

பெற்றோர் கூட்டத்தன்று ஆய்வுகூட ஜன்னல்களை உரச்சாக்கால் அடைத்தார். அரை நாள் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு வந்த அம்மாக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். லைட்டை அணைத்துக் கரைசல்களைக் கலந்தார். ஒளியே தெரியவில்லை, வெறும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. மேசையோரத்தில் அதிபர் ஏற்றிவைத்த மங்கள விளக்கு ஐந்து திரியோடு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்ததே! விளக்கேற்றாமல் எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் தொடங்கியிருக்கிறது? பட்டதாரிகளான எங்கள் இருவருக்கும் அது மண்டையில் ஏறவில்லை.

"வெளக்க அணைச்சிருங்க சேர்!" என்று கெஞ்சினார் பியூஸ் சேர்.

அதிபர் பதறினார். "நல்ல காரியத்துல அணைக்கிறதா? வெளிய தூக்கிட்டுப் போனாலும் காத்துல அணைஞ்சிரும்."

இருந்த பொடி முழுவதும் குடுவைக்குள் போய்விட்டது. பியூஸ் சேர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் குடுவைமேல் கூடாரம் போலப் பிடித்தார்.

"வாங்கம்மா, ஒவ்வொருத்தரா தலைய உள்ள விட்டுப் பாருங்க!"

அம்மாக்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்களே தவிர, யாரும் நகரவில்லை. கடைசியில் செல்லம்மா என்ற கொழுந்துக்காரி குனிந்தார்.

"ஆத்தாடி! நீலமால்ல எரியுது!"

அடுத்தவர் ஓடிவந்து குனிந்தார். "ஒண்ணையும் காணோமே சேர்?"

ஒளி தீர்ந்துபோயிருந்தது. எல்லோரும் போனபிறகும் பியூஸ் சேர் அந்தக் குடுவையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

சேர்ந்தது செல்லம்மாவின் மகள் ஒருத்திதான். பிரிவை மூடினார்கள். அந்தப் பிள்ளை இப்போது இரண்டு பஸ் மாறி ஹட்டனுக்குப் படிக்கப் போகிறது. பியூஸ் சேருக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல், அந்தப் பிள்ளையின் லயத்து வீட்டுக்குப் போய் இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறார்.

"ஒரு பிள்ளைக்காகவா இவ்வளவு தூரம் போறீங்க?" என்று கேட்டேன்.

"அந்தம்மா பாத்தாங்கல்ல சேர். பாத்துட்டு நம்பி அனுப்பியிருக்காங்க. நான் எப்படிப் போகாம இருக்கிறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.