மீன்தொட்டிக்குக் கீழே ஈரம்

சுவரை ஒட்டியிருந்த மீன்தொட்டிக்குக் கீழே கையகல ஈரம். டிரைவிங் மாஸ்டர் துணியால் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் அதே இடத்தில் மறுபடியும் ஈரம்.

"தொட்டி ஒழுகுது," என்றார்.

"யாராவது தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க," என்றாள் மனைவி.

"ஊருக்கே கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறேன். ஒரு கண்ணாடிப் பெட்டியை அடைக்க எனக்கு ஆள் வேணுமா?"

கடைக்குப் போய்ப் பசை வாங்கி வந்தார். ஈரத்தில் பசை ஒட்டாது. தண்ணீரை இறக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். முதல் வாய்த் தண்ணீர் நேராக வயிற்றுக்குள் போனது. இருமிக்கொண்டே குழாயைக் கைவிட்டார். அது சோபாவில் விழுந்து தன் பாட்டுக்கு ஓடியது.

"சோபா நனையுது," என்றாள் மனைவி.

"தெரியுது."

குழாயைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அதில் சிக்கியிருந்த தொட்டி மோட்டாரும் கூடவே கிளம்பி வந்து, வெளியே வந்த வேகத்தில் டிவியின் முகத்தில் தண்ணீரைப் பீச்சியது. மெயின் சுவிட்ச் 'டக்'கென்று விழுந்தது. மின்விசிறி நின்றது.

"மீனெல்லாம் தரை தட்டுது, பாருங்க."

கைக்கு அகப்பட்டது குக்கர். மீன்களை அள்ளி அதில் போட்டார்.

"நான் அதுல சமைக்கணுமே," என்றாள்.

"கொஞ்ச நேரந்தான். மூடி மட்டும் போட்டுடாத."

தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் அடிப்பக்கம் தெரியும் என்று தோன்றியது. நகர்த்தினார். ஸ்டாண்டின் கால் ஈரத்தில் வழுக்கியது. கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டது. மிச்சத் தண்ணீர் மொத்தமும் கூடத்தில் இறங்கி, அவருடைய செருப்பைப் படுக்கையறை வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

மனைவி குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வேலைகூட உருப்படியா வராதா உங்களுக்கு?"

மாஸ்டர் நனைந்த சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அது அவருடைய வாக்கியம். போன வருஷம், மாடியில் குடியிருக்கும் கூடப்பிறந்த தம்பிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்னது. தம்பி காரை வாசல் தூணில் உரசிவிட்டான். பின்சீட்டில் அவன் மனைவி. தெருவே கேட்கும்படி மாஸ்டர் கத்தினார்: "ஒரு வேலைகூட உருப்படியா வராதாடா உனக்கு?"

தம்பி என்ஜினை அணைத்தான். கை பிரேக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டு இறங்கிப் போனான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தினமும் சாயங்காலம் கீழே வந்து அரட்டை அடித்தவன், இப்போது படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறான். அந்தச் சாயங்காலங்களைத் தள்ள முடியாமல்தான் மாஸ்டர் மீன் வாங்கினார். மீன்களும் பேசவில்லை.

"அன்னிக்கு அவனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மாடியில போய்ச் சொல்லுங்க."

"என் முகத்தைப் பார்ப்பானா?"

"பார்க்கலேன்னா திரும்பி வாங்க. படி எங்கயும் போயிடாது."

மாஸ்டர் நிலைக்கண்ணாடி முன் நின்று தலையைத் துவட்டினார். என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்தார். 'தப்பு என்மேலதான்' என்பது ஒவ்வொரு தடவையும் அதட்டுவது போலவே வந்தது. பிரேக்கை மிதி, கிளச்சை விடு என்று அதட்டியே பழகிய தொண்டை. கடைசியில் ஒரு மாதிரி மெதுவாகச் சொல்ல வந்ததும், அது மறப்பதற்குள் போய்விட வேண்டும் என்று கதவைத் திறந்தார்.

வாசலில் தம்பியின் மனைவி, தட்டுவதற்காகக் கையைத் தூக்கியபடி நின்றிருந்தாள். உள்ளே கிடந்த வெள்ளத்தையும் உடைந்த தொட்டியையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"மன்னிச்சுக்கங்க மாமா, எங்க பாத்ரூம் குழாய் காலையிலேயே உடைஞ்சு உங்க சுவர் வழியா தண்ணி இறங்குது, உங்ககிட்ட எப்படி வந்து சொல்றதுன்னு தெரியாம அவர் இவ்வளவு நேரமா படியிலயே உக்காந்திருக்கார்."