ஞாயிறு தவிர எல்லா நாளும்

சாத்தனிப்பட்டி,
ஆவூர் வழி, புதுக்கோட்டை மாவட்டம்.
வியாழக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர் செம்மல் ஐயா அவர்களுக்கு,

சென்னையில் தங்களிடம் வரைகலை வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கும் ஜெனிபரின் தங்கை ரெஜினா, பதினோராம் வகுப்பு, பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் இங்கே அப்பா, அம்மா, நான், எங்கள் இரண்டு ஆடுகள் அனைவரும் நலம். அக்கா நலமென்று எழுதத்தான் பேனா வரவில்லை. தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் அறிய ஆவல். நான் இதை எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. தங்கள் முகவரியை அவளுடைய புராஜெக்ட் தாளிலிருந்து எடுத்தேன். மன்னிக்கவும்.

விஷயம் இதுதான் ஐயா. முப்பதாம் தேதி அக்கா ஒப்படைக்க வேண்டிய கையெழுத்துத் தாள்கள் அறுபத்து மூன்றும் இப்போது அவளிடம் இல்லை. அவை புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் இருக்கின்றன. அசல் தாள் இல்லாவிட்டால் மதிப்பெண் இல்லை என்று தாங்கள் சொல்லியிருப்பதால், அக்கா மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோகிறாள். "படிப்பே வேணாம், தையல் மிஷின்ல ஒக்காந்துக்கிறேன்" என்கிறாள். எங்கள் தையல் மிஷின் ஓடி ஒரு வருடம் ஆகிறது என்பது அவளுக்கும் தெரியும். ஆகவே அவளுக்குப் பத்து நாள் கூடுதல் அவகாசம் தர வேண்டுகிறேன். அது ஏன் நியாயம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

'உன் ஊரிலிருந்து ஒரு தமிழ் எழுத்துரு செய்' என்று தாங்கள் சொல்லி அனுப்பியதிலிருந்து அக்கா ஓரிடத்தில் உட்காரவில்லை. முதல் நாள் குடுமியான்மலைக்குப் போய், இசைக் கல்வெட்டு முன்னால் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, "எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க" என்றாள். மறுநாள் நார்த்தாமலை. வெயிலில் ஏறி இறங்கி, "பாறையப் பாத்தா பாறைதான் தோணுது" என்று படுத்துக்கொண்டாள். அம்மா உதவி செய்வதாக நினைத்து, "வேணும்னா வாசல்ல ஒரு கோலம் போட்டுக் காட்டவா?" என்றதற்குக் காதைப் பொத்திக்கொண்டாள். அதன்பின் பனங்கொட்டையை வரைந்தாள், ஆட்டுக் கொம்பை வரைந்தாள், எதுவும் பிடிக்காமல் கிழித்தாள், கிழித்ததை ஆடு தின்றது. வீட்டுக்கும் கொல்லைக்குமாக அவள் நடக்க, அவள் கையில் தாள் இருக்குமென்று ஆடுகளும் பின்னாலேயே நடக்க, அப்பா, "இங்கிட்டு ஒரு ஊர்வலம் போகுது, கொடி மட்டுந்தான் இல்ல" என்றார். கடைசியில் அகப்பட்டது அம்மா எழுதிய மளிகைச் சீட்டு. அதில் 'புழுங்கல் அரிசி'யில் இருந்த ழ, அவிழ்த்துவிட்ட கயிறு மாதிரி பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"அம்மா, இந்த ழ-வ எங்க கத்துக்கிட்ட?"

"கத்துக்கலடி. தாள்ல எடம் பத்தல, திருப்பிவிட்டேன்."

அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் கையெழுத்திலிருந்தே எழுத்துருவைச் செய்வது என்று அன்றைக்கு முடிவானது.

எல்லோரும் ஒரே வாக்கியத்தை எழுத வேண்டும், அப்போதுதான் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட முடியும் என்பது தங்கள் விதி. அக்கா முதலில் 'ஆற்றங்கரையில் அன்னம் நின்றது' என்று ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோனாள். டீக்கடை வெள்ளைச்சாமி அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"ஆறு எங்கிட்டும்மா இருக்கு நம்ம ஊர்ல?"

"சும்மா எழுத்துக்காகத்தாண்ணே."

"சும்மா எதையும் எழுதிக் குடுக்கக் கூடாதும்மா. எங்கப்பா அப்பிடி எழுதிக் குடுத்துத்தான் கெழக்க கெடந்த வயக்காடு போச்சு."

இரண்டு நாளில் மூன்று பேர்தான் எழுதினார்கள். அதன்பின் ஒருவழியாக வேறொரு வாக்கியம் கிடைத்தது: 'மழைக்கு முன் காலை ஏழரைக்கு எங்கள் ஊருக்கு வந்த பேருந்து, ஞாயிறு தவிர எல்லா நாளும், மறுபடி வர வேண்டும்.' ழ, ற, ள, ண எல்லாம் இருக்கிறதா என்று அக்கா எண்ணிப் பார்த்துச் சரி என்றாள். எங்கள் ஊர் டவுன் பஸ் ஐப்பசி மழையில் பாதை அரித்துப்போனபோது நின்றது. பாதையைச் சரிசெய்த பிறகும் வரவில்லை. ஆவூர் ரோட்டுக்கு நடந்துபோய் வேறு பஸ் பிடிப்பதால் எனக்குத் தினமும் முதல் பீரியட் போய்விடுகிறது. முதல் பீரியட் தமிழ்.

இந்த வாக்கியத்தை எடுத்துப்போனதும் நாங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை ஐயா. வீட்டு வாசலில் வரிசை நின்றது. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் பேனாவை என் கையில் திணித்தார்கள். "நீயே எழுதிரு தாயி. எங் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும், ஆபீசருக்குப் புரியாது." நானும் குண்டு குண்டாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குக் கோழி கிண்டுனதுதான்டி வேணும்!" அதற்குள் பத்தொன்பது தாள் என் கையெழுத்தில் ஆகிவிட்டது. சிலர் கேட்காமலே ஆதார் நகலைப் பின் குத்திக் கொடுத்தார்கள். ஒருவர் கைநாட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் போன் நம்பர் எழுதச் சொன்னார். வெள்ளைச்சாமி அண்ணன் கீரனூர் வரை போய், கம்ப்யூட்டரில் டைப் அடித்து லேமினேட் செய்து எடுத்துவந்தார். "சுத்தமா இருக்கட்டும்னுதாம்மா." அக்கா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டின் அடியில் செருகினாள்.

இப்படிச் சேர்த்த தாள்களைத்தான் போன திங்கட்கிழமை சேவுகன் மாமா எடுத்துப்போய்விட்டார். அவர் முன்னாள் வார்டு மெம்பர். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு ஏதாவது ஒரு மனுவோடு கலெக்டர் ஆபீஸ் போகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கட்டைப் பார்த்திருக்கிறார், மனு என்று நினைத்திருக்கிறார், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். சாயங்காலம் ஒப்புகைச் சீட்டோடு வந்து, "அறுவத்தி மூணு மனும்மா! ஒரே ஊர்லேருந்து இத்தனையான்னு கேட்டாங்கெ!" என்றார். அக்கா அழுததை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். ஒப்புகைச் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் அக்கா பெயர் இல்லை என்றாலும் எண் தெளிவாக இருக்கிறது.

ஆகவே இது முழுக்க முழுக்க சேவுகன் மாமாவின் அவசரத்தால் நடந்தது, அக்காவின் கவனக்குறைவால் அல்ல என்பதைக் கனிவோடு கருதிப் பத்து நாள் தர வேண்டுகிறேன். அம்மா தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொல்வார். கடிதம் எழுதுவது தெரிந்தால். தங்கள் இல்லத்தார் அனைவரும் நோய்நொடியில்லாமல் இருக்க எங்கள் இரவு ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவியின் தங்கை,
அ. ரெஜினா

பின்குறிப்பு: இன்று செவ்வாய்க்கிழமை. தபாலில் போடத் தைரியம் வராமல் ஐந்து நாள் இதைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். இப்போது எழுத்து ஆடுவதற்குக் காரணம், நான் எழுதுவது பஸ்ஸில். எங்கள் ஊர் பஸ்ஸில். நேற்றுக் காலை ஏழரைக்கு வந்துவிட்டது ஐயா! ஊரே ரோட்டில் நின்றது. வெள்ளைச்சாமி அண்ணன் டிரைவரிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்து பொய்யோடு பயணம் செய்ய முடியவில்லை. சேவுகன் மாமா மேல் தவறில்லை. அந்த வாக்கியம் நான் எழுதிக் கொடுத்தது. 'பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர்' என்று முகப்புக் கடிதம் எழுதிக் கட்டின்மேல் வைத்ததும், அக்கா குளிக்கப் போனபோது கட்டை அவர் கையில் கொடுத்ததும் நான்தான். நேற்று இரவு அக்காவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு அடி விழுந்தது. பிறகு சிரித்தாள்.

பத்து நாளும் வேண்டியதில்லை. மூன்று நாள் போதும். கண்டக்டர் நேற்று இறங்கி நின்று, "எல்லா நாளும் வரும், ஞாயித்துக்கெழம மட்டும் கெடையாது. நீங்க கேட்டபடிதான்" என்று சொல்லிவிட்டார். ஞாயிறு பூசைக்கு ஆவூர் சர்ச்சுக்குப் போகிற எங்கள் தெரு முழுக்க என்னைத் தேடுகிறது. "எவடி ஞாயித்துக்கெழமைய எழுதச் சொன்னது?" என்று முதலில் கேட்டது அம்மா. அதைத் தன் கையாலேயே எழுதி, ழ-வைத் திருப்பிவிட்டவர் அவர்தான். ஆகவே இன்று சாயங்காலம் எல்லோரும் மறுபடி எழுத வருகிறார்கள். இந்தமுறை யாரும் என்னிடம் பேனாவைத் தரப்போவதில்லை. சொந்தக் கையெழுத்தில் எழுதினால்தான் பஸ் வரும் என்று வெள்ளைச்சாமி அண்ணன் உட்பட ஊர் முழுக்க நம்புகிறது. அக்காவுக்கு வேண்டிய கோழி கிண்டல் அத்தனையும் கிடைத்துவிடும்.

ஒரே ஒரு உதவி ஐயா. தபால் வந்துசேர நாளாகும் என்பதால், இதைக் கண்டக்டர் போனில் படமெடுத்து, புராஜெக்ட் தாளில் இருந்த தங்கள் நம்பருக்கு அனுப்புகிறேன். 'ஞாயிறு தவிர' என்று நான் சேர்த்தது, அக்கா ஞ கட்டாயம் வேண்டும் என்றதால்தான். ஞாயிற்றுக்கிழமையைத் தொடாமல் ஞ வருகிற நல்ல சொல் ஏதாவது இருந்தால், கலெக்டர் ஆபீஸில் என்ன அர்த்தம் ஆகும் என்பதையும் யோசித்து, சாயங்காலத்துக்குள் அக்கா போனுக்கு அனுப்பவும்.